திடல் வாசலில் விட்டுச் சென்ற சொற்கள்: ரசிகர் அஞ்சலிகளைக் காப்பது எப்படி?

ஆட்டக்காரர் ஒருவர் திடீரென மறைந்தால், ரசிகர்கள் அவர் ஆடிய திடலைத் தேடிப் போகிறார்கள். இழவு வீட்டுக்குப் போக ஏதாவது ஓர் உறவோ பழக்கமோ வேண்டியிருக்கிறது. திடலின் வாசலுக்குப் போக எதுவும் தேவையில்லை. பூ, மெழுகுவர்த்தி, பழைய ஜெர்சி என்று கையில் கிடைத்ததை வைத்துவிட்டு, கூடவே ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு வருகிறார்கள். அந்த இரண்டு வரிக்குத்தான் ஆயுள் மிகக் குறைவு. கிண்ணம் கண்ணாடி அலமாரியில் ஐம்பது ஆண்டு இருக்கும். தாள் ஒரு மழைக்குத் தாங்காது.

அமெரிக்காவின் பேஸ்பால் அரங்கங்களில் இந்த வழக்கம் ஊறிப்போன ஒன்று. நம் பள்ளிகளில் ஆடப்படும் சாஃப்ட்பாலின் அண்ணன் என்று பேஸ்பாலைச் சொல்லலாம். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் குழுவின் 22 வயது பந்து வீச்சாளர் நிக் ஏடன்ஹார்ட், ஆறு சுற்றுகளில் எதிரணிக்கு ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் வீசிவிட்டுப் போனார். அடுத்த சில மணி நேரத்தில், குடிபோதையில் கார் ஓட்டியவரால் ஏற்பட்ட விபத்தில் உயிரிழந்தார். அரங்க வாசலில் செங்கல்லால் அமைந்த ஒரு பந்து வீச்சு மேடு உண்டு. ரசிகர்கள் தொப்பிகளையும் பூக்களையும் கடிதங்களையும் அதன் மேல் குவித்தார்கள். நிர்வாகம் அதை இரண்டு நாளில் கூட்டித் தள்ளிவிடாமல், அந்தப் பருவம் முழுவதும் இருக்க விட்டது.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் மியாமி மார்லின்ஸ் வீரர் ஹோசே ஃபெர்னாண்டஸ் படகு விபத்தில் இறந்தபோதும் இதே காட்சிதான். அதே ஆண்டு நவம்பரில் சிக்காகோவில் நடந்தது வேறு வகை. 108 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு சிக்காகோ கப்ஸ் குழு வாகை சூடியது. ரசிகர்கள் ரிக்லி அரங்கத்தின் செங்கல் சுவர் முழுக்கச் சுண்ணக்கட்டியால் பெயர்களை எழுதினார்கள். அவற்றில் பல, அந்த வெற்றியைப் பார்க்காமலே செத்துப்போன அப்பா, தாத்தாக்களின் பெயர்கள். வெற்றிக் கொண்டாட்டமாகத் தொடங்கியது ஊர் கூடிய நீத்தார் நினைவாக மாறிவிட்டது. சுண்ணக்கட்டி எழுத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியாது. படமாகத்தான் அதைக் காக்க முடியும்.

இதெல்லாம் தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கேரித் தீவிலிருந்து காரில் போய் வரும் தூரத்தில்தான் சிப்பாங் பந்தயத் திடல் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, மலேசிய மோட்டோ ஜிபி பந்தயத்தின் இரண்டாவது சுற்றில், 11ஆம் வளைவில் விழுந்து இத்தாலிய வீரர் மார்க்கோ சிமோன்செல்லி உயிரிழந்தார். அவருடைய எண் 58. மறு ஆண்டு அந்த வளைவின் அருகே நினைவுப் பலகை வைக்கப்பட்டது. பலகையில் பெயர் நிற்கும். அன்று பார்வையாளர் மேடையில் உட்கார்ந்திருந்தவர்களின் மனத்தில் ஓடியதைப் பலகை சொல்லாது. அதே சிப்பாங் மாவட்டத்தில்தான், 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் எம்எச்370 விமானம் காணாமற்போனபோது, கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் பொதுமக்கள் எழுதிய செய்திகளால் ஒரு சுவரே நிறைந்தது. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் அருகருகே இருந்தன. எழுதி வைப்பது நம் மக்களுக்குப் பழக்கமானதுதான். எழுதியதை எடுத்து வைப்பது இன்னும் அவ்வளவாகப் பழகவில்லை.

தோட்டத்துத் திடலும் ஓர் அரங்கம்தான்

கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிந்து, பாலத்தால் இணைந்து கிடக்கும் கேரித் தீவு, பெரும்பகுதி செம்பனைக் காடு. தோட்ட முதலாளியாக இருந்த கேரி என்ற ஆங்கிலேயரின் பெயர் தீவுக்கு நிலைத்துவிட்டது. மா மெரி பூர்வகுடியினரின் ஊர்கள் ஒரு பக்கம், தோட்டத் தமிழர்களின் லயங்கள் மறுபக்கம். தோட்டம் என்றால் கோயில், பள்ளிக்கூடம், திடல் மூன்றும் சேர்ந்ததுதான். மாலையில் வேலை முடிந்ததும் அந்தத் திடலில்தான் உயிர் இருந்தது. கோல் கம்பம் மூங்கிலோ இரும்புக் குழாயோ, அதற்குப் பின்னால் நின்று கத்தியவர்கள் தங்கள் ஆட்டக்காரரை மெர்டேக்கா அரங்கத்தில் ஆடுபவருக்கு ஒரு படி மேலாகவே வைத்திருந்தார்கள்.

மெர்டேக்கா அரங்கம் என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட சிலாங்கூர், தேசியக் குழு கோல் காவலர். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதே அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவில் அவர் இருந்தார். புறக்கணிப்பு காரணமாக மலேசியா அங்கே போகவில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி, 35ஆவது வயதில், சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். அந்தக் குழுவின் கதையைத் தழுவி 2016இல் வந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தில் முத்து என்ற தமிழ்க் கோல் காவலரைப் பார்த்து இளைய தலைமுறை அவரைத் தெரிந்துகொண்டது. ஆறுமுகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்த ஒரு தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டது. அவர் மறைந்த வாரத்தில் வெட்டியெடுத்த பத்திரிகைத் துண்டோ, டைரியில் எழுதிய நான்கு வரியோ எந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தாலும், அதுவும் ரசிகர் அஞ்சலிதான். அதையும் இந்தக் கட்டுரையில் சொல்லும் முறையில் காக்கலாம்.

தோட்டக் குழுவின் ஆட்டக்காரருக்கு இதன் அவசியம் இன்னும் கூடுதல். ஆறுமுகத்தைப் பற்றிச் செய்தித்தாள் எழுதியது, படம் வந்தது. தோட்டத்து இடது கோடி ஆட்டக்காரரைப் பற்றி, அவர் இறந்த நாளில் திடலில் ஒட்டப்பட்ட தாள்களைத் தவிர வேறு எங்கும் எழுத்தில் இருக்காது. குடும்பங்கள் பந்திங், தெலுக் பங்லிமா காராங், கிள்ளான் என்று இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. தீவில் புதிய துறைமுகம் அமையும் என்ற பேச்சும் 2017 முதல் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. திடல் போனால் திடலின் சாட்சியம் அந்தத் தாள்கள் மட்டுமே.

முதல் இரண்டு நாள்

ஈரமான தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கடலோரத் தீவில் அது 80ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே ‘காரியம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று பதினாறாம் நாள் வரை தள்ளிப்போட்டால், எடுத்து வைக்க எதுவும் மிஞ்சாது.

எதையும் தொடுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். முதலில் தள்ளி நின்று முழு இடத்தையும், பிறகு நெருங்கி வந்து ஒவ்வொரு தாளையும். எந்தத் தாள் எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் செய்திதான். குழுத் தலைவர் எழுதியதை ஒட்டி அவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவரின் தாள் இருந்தால், அது ஒரு கதை. எடுத்து அடுக்கிய பிறகு அந்தக் கதை தெரியாது. கைப்பேசிப் படமே போதும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்து மங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும்.

அடுத்து பிளாஸ்டிக். மழைக்குப் பயந்து தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொங்கவிடுவது நம் வழக்கம். உறைக்குள் புகுந்த ஒரு சொட்டு நீர் வெளியே வராமல் வெந்து, மையைக் கரைத்துவிடும். பூங்கொத்தைச் சுற்றிய பிளாஸ்டிக்கும் இதே வேலையைச் செய்யும். பூவைப் பிரித்து, அதில் செருகிய அட்டையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பூவைக் காக்க நினைப்பது வீண். மான்செஸ்டரில் 2017ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி இசை நிகழ்ச்சியில் நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்த பிறகு, மக்கள் வைத்த பொருள்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அந்நகர ஓவியக் கூடம் எடுத்துப் பாதுகாத்தது, பூக்களை உரமாக்கினார்கள். 2025 ஜூலையில் லிவர்பூல் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்தபோது ஆன்ஃபீல்டு வாசலில் குவிந்த பூக்களுக்கும் கழகம் இதே வழியைத்தான் அறிவித்தது. தோட்டத்தில் உரமாக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திடலோரம் ஒரு மரக்கன்று நட்டு, அதன் அடியில் போடலாம்.

நனைந்த தாள்களை வெயிலில் போடக்கூடாது. மின்விசிறிக் காற்றில், நிழலில், வெள்ளைத் துணியின் மேல் தனித்தனியாகப் பரப்ப வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்கவே கூடாது. அத்தனையையும் உடனே உலர்த்த ஆளில்லை என்றால் ஓர் எளிய வழி உண்டு: ஈரத்தாள்களைச் சிறு கட்டுகளாக பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஃபிரீசரில் வைத்துவிடலாம். அங்கே பூஞ்சணம் வளராது. உலகின் பெரிய ஆவணக் காப்பகங்கள் வெள்ளத்தில் நனைந்த ஏடுகளுக்குச் செய்வதும் இதைத்தான். மீன் வைக்கும் தட்டில் வைக்காமல் இருந்தால் சரி.

மையைப் பார்த்தே அவசரத்தைத் தீர்மானிக்கலாம். ஜெல் பேனா, மாணவர்களின் வண்ணப் பேனா எழுத்து தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பால்பாயின்ட் தண்ணீருக்கு ஓரளவு நிற்கும், வெளிச்சத்தில் மங்கும். அழியாத மை என்று விற்கும் மார்க்கரும் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துப் போவதுண்டு. எல்லாவற்றிலும் உறுதி பென்சில். அது நீரிலும் ஒளியிலும் நிலைக்கும்.

நம் அஞ்சலிக்கே உரிய சிக்கல்கள்

வெளிநாட்டுக் கையேடுகளில் விபூதியைப் பற்றி எழுதியிருக்காது. நம் இடத்தில் வைக்கப்படும் தாளில் சந்தனம் இருக்கும், குங்குமம் இருக்கும், அகல்விளக்கு எண்ணெய் வழிந்திருக்கும், கற்பூரப் புகை படிந்திருக்கும். இவற்றை ஈரத்துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கி நிரந்தரமாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, மென்மையான தூரிகையால் உதிரும் தூளை மட்டும் தட்டிவிட வேண்டும். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். அந்தக் குங்குமப் பொட்டும் அஞ்சலியின் பகுதிதான். எண்ணெய் பட்ட தாளை மற்றத் தாள்களோடு சேர்க்காமல், இருபுறமும் வெள்ளைத்தாள் வைத்துத் தனியாக வைக்க வேண்டும்.

ஜெர்சியில் ரசிகர்கள் கையெழுத்திட்டிருந்தால் துவைக்கக்கூடாது. நிழலில் உலர்த்தி, எண்ணும் பெயரும் அச்சிட்ட பகுதிகள் ஒன்றையொன்று தொடாமல் இடையில் வெள்ளைத்தாள் வைத்து மடிக்க வேண்டும். வெப்பத்தில் அந்த அச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளை இடையில் வைத்தால் அதன் மை ஜெர்சியில் இறங்கும்.

கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லாத சாவு இன்று இல்லை. அதை மடித்தால் மடிப்பில் அச்சு உரிந்துவிடும். அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி, ஒரு குழாயில் தளர்வாகச் சுருட்ட வேண்டும். அந்த பிளாஸ்டிக் துணி காலப்போக்கில் பிசுபிசுக்கும், வாடையும் விடும். புகைப்படங்களோடு ஒரே பெட்டியில் அதை வைக்கக்கூடாது. இட நெருக்கடி என்றால் பேனரை விட்டுவிடலாம். அச்சகத்தில் அதன் கணினிக் கோப்பு கிடைக்கும். ஆனால் பேனரின் ஓரத்தில் யாரோ கையால் எழுதியிருந்தால் நிலைமை வேறு.

சுவரிலோ துத்தநாகத் தகரத்திலோ எழுதியதைப் படமெடுக்கும்போது, காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பலகை என்றால் திருகாணியைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். தோட்ட நிர்வாகம் சாயம் பூசும் நாளை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

நல்லெண்ணத்தால் நடக்கும் கெடுதல்

அதிகம் கெடுப்பது லேமினேட். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று கடைக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றி ஒட்டிவிடுகிறார்கள். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. உள்ளே தாள் பழுக்கும். செலோடேப் சில ஆண்டுகளில் மஞ்சள் கறையை மட்டும் விட்டுவிட்டுக் கழன்றுவிடும். குண்டூசியும் ஸ்டேப்பிளர் ஊசியும் நம் கடற்காற்றில் துருப்பிடிக்கும். பசை பூசிய பக்கங்கள் கொண்ட புகைப்பட ஆல்பமும் வேண்டாம்.

தெளிவான பாலிபுரோப்பிலீன் உறைகள் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. நன்றாக உலர்ந்த தாளை உறைக்கு ஒன்றாகப் போட்டு, மூடியுள்ள பெட்டியில் அடுக்க வேண்டும். காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போடலாம், அவ்வப்போது மாற்ற வேண்டும். பெட்டி தரையில் இருக்கக்கூடாது, வெளிச்சுவரை ஒட்டியும் இருக்கக்கூடாது. கரையானும் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தாளைத் தேடி வருபவை.

எங்கே வைப்பது என்பதில்தான் தோட்டங்களில் வாக்குவாதம் வரும். கோயில் என்பார்கள் சிலர். கோயில் ஸ்டோரில் எண்ணெய், அரிசி, அவற்றைத் தேடும் எலி எல்லாம் உண்டு. நிர்வாகம் மாறினால் சாவியும் மாறும். தமிழ்ப்பள்ளி நூல்நிலையம் மேல், தலைமையாசிரியர் சம்மதித்தால். எங்கே வைத்தாலும் ஒரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும். 300 டிபிஐ அடர்த்திக்குக் குறையாமல், பொடி எழுத்து என்றால் 600இல் ஸ்கேன் செய்து, தீவுக்கு வெளியே ஒருவர் வீட்டில் ஒரு ஹார்டிஸ்கில் வைக்கலாம். பொருள் பெரிதாகச் சேர்ந்துவிட்டால், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அர்க்கிப் நெகாரா எனும் தேசிய ஆவணக் காப்பகத்தையோ, 1956 முதல் இயங்கும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையையோ அணுகிக் கேட்கலாம்.

பதிவேடும் அனுமதியும்

தாளைவிட முக்கியம் அதோடு போகும் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண், எடுத்த தேதி, இருந்த இடம், எந்த மொழி, என்ன எழுதியிருந்தது, எழுதியவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயர். ‘எண் 14, கோல் கம்பத்தின் இடப்பக்கம், நீல மை, பாதி மலாய்’ என்ற அளவு போதும். எழுதியதைப் படியெடுக்கும்போது பிழை திருத்தக்கூடாது. தமிழை ரோமன் எழுத்தில் எழுதியிருந்தால் அப்படியே, ‘ழ’வுக்கு ‘ள’ போட்டிருந்தால் அப்படியே. ஒரு தோட்டம் எப்படிப் பேசியது, எந்த மொழிகளைக் கலந்து அழுதது என்பது அந்தப் பிழைகளில்தான் இருக்கிறது. வகுப்பாசிரியர்கள் இந்த வேலையைச் செய்தால் கை துடிக்கும். கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்திருப்பதா, தேர்ந்தெடுப்பதா? வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 1982 முதல் மக்கள் விட்டுச் சென்றவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் சேகரிக்கப்பட்டுள்ளன. செடி கொடிகளைச் சேர்ப்பதில்லை. அவ்வளவு இடம் நமக்கில்லை. கையால் எழுதிய எதையும் விடக்கூடாது, அச்சடித்ததில் ஒன்று போதும் என்பது தோட்டத்துக்குப் பொருத்தமான கணக்கு. தரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், நன்றாக எழுதத் தெரிந்தவர்களின் தாள்தான் மிஞ்சும். எழுத்துக் கூட்டி எழுதிய மூதாட்டியின் தாள் போய்விடும்.

குடும்பத்தாரிடம் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. அவர்கள் சிலவற்றைத் தாங்களே வைத்துக்கொள்ள விரும்பலாம், சிலவற்றை எரித்துவிடவும் விரும்பலாம். அது அவர்கள் உரிமை. படமெடுக்க மட்டும் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். பழைய கடன், பழைய காதல், பழைய சண்டை எல்லாம் அஞ்சலித் தாளில் வந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்டவற்றைத் தனி உறையில் மூடி, திறக்கக்கூடாத ஆண்டை மேலே குறித்து வைப்பது காப்பகங்களின் வழக்கம். தொலைபேசி எண்ணும் சிறுவர்களின் முழுப் பெயரும் உள்ள தாள்களை ஃபேஸ்புக்கில் ஏற்றக்கூடாது.

பத்திரிகைத் துண்டுகளுக்கு ஒரு வார்த்தை. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. அதில் வந்த விளையாட்டுச் செய்தியும் நினைவஞ்சலி விளம்பரமும் வீட்டில் இருந்தால், அந்தத் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் கடிதத்தையும் பழுக்க வைக்கும். அதை நல்ல வெள்ளைத்தாளில் நகலெடுத்து, மூலத்தைத் தனி உறையில் வைக்க வேண்டும். நகலின் பின்பக்கம் பத்திரிகையின் பெயரும் தேதியும் எழுத வேண்டும், பென்சிலால்.